வாப்பாவின் ஓம்

சாய்ந்தமருது,
18.05.2025

அன்பு மகன் றிபாத்,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம், கட்டாரில் நீயும் சுகமாய் இருக்க துஆ செய்கிறோம். போன் இருக்க உம்மா ஏன் கடிதம் எழுதி, லீவு முடிந்து திரும்புகிற பக்கத்து வீட்டு மிஹ்லாரிடம் கொடுத்து விடுகிறா என்று யோசிப்பாய் (ஓம், அவனுக்கெல்லாம் லீவு கிடைக்குது). வாப்பாவுக்கு இப்போது காது கேட்குது மகன், அதுதான் காரணம்.

நீ டிக்கட் போட்டு எங்களைத் திருச்சிக்கு அனுப்பினது பெரிய உபகாரம், நாலு வருஷமாய் ஊருக்கு வர டிக்கட் கிடைக்காத பிள்ளைக்கு இது மட்டும் எப்படித்தான் கிடைத்ததோ. நத்ஹர் வலி தர்காவுக்குப் போக ஆட்டோ பிடித்தோம். நான் பேக்குகளைச் சரிபார்த்து முடிப்பதற்குள், ஸ்ரீரங்கத்தையும் பார்த்துட்டுப் போலாமா பாய் என்று ஆட்டோக்காரர் கேட்க, வாப்பா ஓம் என்றார். அங்கே எல்லாரும் ஆமா என்றுதான் சொல்வார்களாம், ஓம் என்றால் மந்திரமாம். தொப்பியும் தாடியுமாய் ஒரு மனிசன் கேட்டதுக்கெல்லாம் ஓம் ஓம் என்க, ஆட்டோக்காரர் ராஜகோபுரத்துக்கு முன்னால் இறக்கிவிட்டு, உங்கள மாதிரி ஒரு பாயை நான் பார்த்ததே இல்லை என்று கும்பிட்டார். திரும்பும்போது பாலத்தில் நின்று காவேரியைப் பார்த்தோம், மணல்தான் கிடந்தது. ஆறு லீவில் போயிருக்கும் போல, உனக்குக் கிடைக்காத லீவு அதுக்காவது கிடைத்திருக்கு. மறுநாள் உன் வாப்பாவுக்கு பொயிலர் செய்கிற பெக்டரியைப் பார்க்க வேணுமாம், முப்பது வருஷம் சாகாமம் ஊரில் பொயிலர் வைத்து நெல் மில் நடத்தினவர் அல்லவா. வாசலில் செக்கூரிட்டி பாஸ் இருக்கா என்றார், ஓம். எங்கே என்றார், அதுக்கும் ஓம். அப்போதுதான் எனக்கு விளங்கியது, இந்த மனிசனுக்கு ஒன்றுமே கேட்கவில்லை, அதை மறைக்கத்தான் இந்த ஓம். திருச்சியிலேயே டொக்டரிடம் காட்டினேன், மில் சத்தம் தின்ற காதாம். வாப்பா காதில் மெஷின் போட்டிருக்கிறார், இப்போது நான் குசினியில் முணுமுணுக்கிறதும் கேட்குது. இவ்வளவு காலமும் நிம்மதியாய் ஏசிக்கொண்டிருந்தேன், அதுவும் போச்சு.

போன மாசம் நீ போனில், இன்னும் அஞ்சு வருஷத்துக்கு இங்கே ஒப்பந்தம் போடட்டா வாப்பா என்று கேட்டாய். பிறகு என்னிடம், வாப்பாவே ஓம் எண்டுட்டார் உம்மா என்று சந்தோஷமாய்ச் சொன்னாய். அது ஸ்ரீரங்கத்துக்குச் சொன்ன அதே ஓம் மகன். மெஷின் போட்டதும் வாப்பா முதலில் என்னிடம் கேட்டது, றிபாத் எப்ப வாறானாம் எண்டுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, அல்லாஹ் உனக்கு ஆயுளையும் பறக்கத்தையும் தரட்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முதல் வாப்பாவுக்குப் போன் எடுத்து அந்தக் கேள்வியை இன்னொருக்கா கேள். கத்த வேண்டாம், மெதுவாய்க் கேட்டாலே போதும்.

இப்படிக்கு,
உன் உம்மா ஸுஹைறா