பனியன் போட்ட பெட்டி

அக்கா,

போன வாரம் உங்கள் தங்கை வந்திருந்தார். ஒரு துணிப்பையை என் மேசைமேல் வைத்து, "இதை உங்ககிட்டத்தான் குடுக்கோணும்னு அக்கா சொல்லி வெச்சிருந்துச்சுங்க" என்றார். உள்ளே கை விட்டதுமே தெரிந்துவிட்டது. இன்டர்லாக் துணியின் அந்த வழவழப்பு. அதோடு லேசாகத் தையல் மிஷின் எண்ணெய் வாசம். வெளியே எடுத்தேன். மெரூன் கலர் பனியன், மஞ்சள் ரிப் காலர், முன்பக்கம் ஒரு குட்டிப் பாக்கெட். பனியனுக்குள் நம்முடைய ஹார்ட் டிஸ்க் பெட்டி.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. துக்கத்துக்கு வந்தவள், ஓரமாக நின்றுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடிவந்துவிட்டேன். அன்றைக்கு வராத அழுகை இந்தப் பனியனைப் பார்த்ததும் வந்தது. ஆபீஸில் எல்லோரும் இருந்தார்கள். இருந்தால் இருக்கட்டும் என்று அழுதேன்.

திருப்பூர் வீரபாண்டியில் அந்தப் பிரிண்டிங் கம்பெனியின் மாடி அறை ஞாபகம் வருகிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கதவில் டிசைன் ரூம் என்று பெயின்டில் எழுதியிருக்கும். பனியன்மேல் அடிக்கிற படங்களைக் கம்ப்யூட்டரில் கலர் கலராகப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. நீங்கள் ஓவர்லாக் டெய்லர். சாம்பிள் தைக்க ஆள் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று உங்களை மிஷினோடு மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். உங்கள் மிஷினிலிருந்து பறக்கிற பஞ்சு என் கீபோர்டில் வந்து உட்காரும். எனக்கு மூக்குக்குமேல் கோபம் வரும். நீங்கள் சிரித்துக்கொண்டே பெயின்ட் பிரஷ் எடுத்து ஒவ்வொரு பட்டனாகத் துடைத்துக் கொடுப்பீர்கள்.

நான் போடுகிற படங்கள் பிளாப்பிக்குள் அடங்காது. அதைப் பனியனில் அடிக்க ஃபிலிம் எடுக்கவோ கோயமுத்தூர்தான் போக வேண்டும். அதற்காக வாங்கியதுதான் இந்தப் பெட்டி. உள்ளே ஹார்ட் டிஸ்க், பின்னால் பிரின்டர் மாட்டுகிற மாதிரி ஒரு தடித்த ஒயர். வந்த அன்று மாட்டினேன். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மறுபடி மாட்டினேன். புரோகிராமை அழித்துப் போட்டுப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. விற்றவனைத் திட்டினேன், வாங்கச் சொன்ன முதலாளியைத் திட்டினேன். நீங்கள் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தீர்கள்.

"ஏங் கண்ணு, தையல் உட்டுப்போச்சுன்னா நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா? மொதல்ல நூலப் பாப்போம். அப்பறம் ஊசியப் பாப்போம். கடைசியாத்தான் டெய்லரத் திட்டோணும்."

சொல்லிவிட்டு மேசைக்குப் பின்னால் குனிந்து ஒயரைத் தொட்டுப் பார்த்தீர்கள். ஒரு பக்கத்துத் திருகு பாதிதான் ஏறியிருந்தது. நகத்தால் திருகிவிட்டீர்கள். பெட்டி முனகத் தொடங்கியது. திரையில் புதிதாக ஒரு டிரைவ் வந்து நின்றது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நீங்களோ, "டிஸ்க்குக்கு இதுதான் ஊடா? நல்லாத்தான் இருக்குது" என்று பெட்டியைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போய்த் தைக்க உட்கார்ந்துவிட்டீர்கள்.

உங்கள் பாப்பாவைப் பற்றி நீங்களாக என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை. அஞ்சு வயதில் காய்ச்சல் வந்து போய்விட்டாள். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே. குளிரில் நடுங்கிய பிள்ளையைக் கம்பளியால் போர்த்தி மடியில் வைத்துக்கொண்டீர்கள். அவள் போன பிறகு உங்கள் மாமியார் ஊரெல்லாம் கேட்கிற மாதிரி, "போத்திப் போத்தியே கொன்னுட்டா" என்றாராம். அதைச் சொல்லும்போதும் உங்கள் கை காலர் தைத்துக்கொண்டுதான் இருந்தது. அவளுக்கென்று ஒரு போட்டோகூடக் கிடையாது. வருகிற பிறந்தநாளுக்கு ஸ்டூடியோ போகலாம் என்று இருந்தீர்கள். அந்தப் பிறந்தநாள் வரவில்லை.

அவள் படித்த நர்சரிப் பள்ளியில் ஒரு குரூப் போட்டோ மாட்டியிருக்கிறது என்று தெரிந்ததும் நான்தான் துள்ளினேன். "அரை நாளைக்கு வாங்கிட்டு வாங்க்கா, ஸ்கேன் பண்ணிக்கலாம்" என்றேன். டீச்சரம்மாவிடம் கெஞ்சி, சட்டத்தோடு முந்தானையில் மூடிக் கொண்டுவந்தீர்கள். முதல் வரிசையில் ஒரு முகத்தை விரலால் காட்டினீர்கள். விரலுக்கடியில் அந்த முகமே மறைந்துவிட்டது. கம்ப்யூட்டரில் இடம் இல்லை; படத்தை நேராக இந்தப் பெட்டிக்குள் இறக்கினேன். கீழே மூன்று டிசைனுக்கு ஆள் காத்திருந்தது. படம் வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்து மூடிவிட்டேன். "அடுத்த தடவை ஃபிலிம் எடுக்கப் போறப்ப பாப்பாவையும் பெருசு பண்ணிட்டு வந்தர்றேன்" என்றேன்.

அடுத்த தடவை மறந்துபோனேன். அதற்கடுத்த தடவை அவசரம். நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்குள் பெட்டிக்குப் பனியன் வந்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால், மெரூன் பனியன் போட்டுக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. கழுத்து வழியாக ஒயர் வெளியே வருகிறது. திருப்பூரில் பனியன் இல்லாமல் இருந்தது இது ஒன்றுதான், அதற்கும் போட்டுவிட்டீர்களா என்று சிரித்தேன்.

"பஞ்சு உள்ள பூந்துருமல்ல, அதுக்குத்தான்" என்றீர்கள்.

"அது சரிங்க்கா, டிஸ்க்குக்குப் பாக்கெட் எதுக்கு?"

"கர்ச்சீப் வெச்சுக்கட்டும்."

துணி வெட்டுகிற கட்டிங் டேபிளில் விழுந்த துண்டுத் துணியில் தைத்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். கோயமுத்தூர் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போவேன். யாராவது உற்றுப் பார்த்தால் குழந்தையைப் போல அணைத்துக்கொள்வேன். விளையாட்டுக்குத்தான்.

இனி அந்த நாளைச் சொல்லித்தான் ஆகவேண்டும். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு மறுநாள் சாம்பிள் காட்ட வேண்டும். நடுப்பகல். கரண்ட் போய், ஜெனரேட்டர் போட்டு, மறுபடி கரண்ட் வந்தது. வந்தபோது பெட்டியின் விளக்கு எரியவில்லை. முனகல் இல்லை. பனியனைத் தொட்டேன், சூடாக இருந்தது. ஒரே இழுப்பில் உருவித் தரையில் எறிந்தேன். பதினாறு டிசைன் உள்ளே இருந்தது அக்கா, என் தலைக்குள் அது மட்டும்தான் இருந்தது.

"உங்களை யாருங்க பனியன் தைக்கச் சொன்னது? போத்திப் போத்தியே கொன்னுட்டீங்களே!"

வாயிலிருந்து வந்தபிறகுதான் என் காதில் விழுந்தது. உங்கள் மிஷின் நின்றுவிட்டது. நீங்கள் எழுந்து வந்தீர்கள். தரையில் கிடந்ததை எடுத்து, உதறி, மடித்தீர்கள். "அப்ப பாப்பாவும் உள்ளதான் இருக்குதா கண்ணு?" என்று கேட்டீர்கள். எனக்கு அப்போதுதான் அவள் ஞாபகமே வந்தது.

கோயமுத்தூரிலிருந்து வந்த சர்வீஸ்காரர் பெட்டியைக் காதோரம் வைத்துக் கேட்டார். "சுத்தவே இல்லீங்க. சூட்டுல டிஸ்க் செத்துப்போச்சு" என்றார். பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. நானும் திறக்கச் சொல்லவில்லை. அவர் சொன்னது எனக்குச் சாதகமாக இருந்தது. அதனால் அப்படியே பிடித்துக்கொண்டேன். டிசைன்களை ஒரு வாரம் கண்விழித்துத் திரும்பப் போட்டுவிட்டேன். பாப்பாவைத் திரும்பப் போட முடியுமா? நீங்கள் பள்ளிக்கு ஓடினீர்கள். அதற்கு முந்தின மழையில் சுவர் ஊறி, போட்டோக்களெல்லாம் பூசணம் பிடித்து, குப்பையில் போட்டுவிட்டார்களாம்.

பழைய பெட்டியைக் கழித்துக் கட்டியபோது முதலாளியிடம் கேட்டு நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள்.

"கண்ணு, ஊடு கெட்டா உள்ள இருக்கறவிய செத்துட்டாங்கன்னு அர்த்தமா? இதக் கழட்டி வேற ஊட்டுல வெச்சுப் பாத்தா என்ன?"

"செத்துப்போச்சுன்னா செத்துப்போச்சுங்க்கா. உடுங்க" என்றேன்.

எனக்கு வேலை தெரியாமல் இல்லை. அதேபோல் இன்னொரு பெட்டி அடுத்த மாதமே என் மேசைக்கு வந்துவிட்டது. நாலு திருகைக் கழற்றி மாற்றிப் பார்க்க அரை மணி நேரம் போதும். ஆனால் அந்தப் பெட்டியைத் தொட்டால் நான் சொன்ன வார்த்தையைத் தொட வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. வேறு கம்பெனிக்கு மாறிப் போனேன். வருஷங்கள் போயின. கல்யாண வீட்டில், பஸ் ஸ்டாண்டில், எங்கே பார்த்தாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு குசலம் விசாரிப்பீர்கள். கிளம்பும்போது, "நேரங் கெடச்சா ஒருக்கா ஊடு மாத்திப் பாக்கலாமா கண்ணு?" என்பீர்கள். "பாக்கலாங்க்கா" என்று பஸ் ஏறிவிடுவேன். எத்தனை தடவை அப்படி ஏறினேன் என்று எண்ணிப் பார்க்கவும் பயமாக இருக்கிறது.

நேற்றுதான் நேரம் கிடைத்தது, அக்கா. பழைய டிஸ்க் போடுகிற பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கிவந்தேன். பனியனை, இந்த முறை மெதுவாக, கழற்றினேன். பழைய பெட்டியின் திருகுகளை எடுத்து மூடியைத் திறந்தேன். கரண்ட் நுழைகிற இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடி ஃபியூஸ். உள்ளே கம்பி அறுந்து, கண்ணாடி கறுத்திருந்தது. அவ்வளவுதான். ஜெனரேட்டரிலிருந்து மாற்றியபோது அடித்த கரண்டில் போயிருக்க வேண்டும். டிஸ்க் மேல் ஒரு கீறல் இல்லை.

ஃபியூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு புதுப் பெட்டியில் மாட்டினேன். விளக்கு எரிந்தது, கம்ப்யூட்டரில் ஒன்றும் வரவில்லை. மொதல்ல நூலு என்று வாய்விட்டுச் சொன்னேன். ஒயரைக் கழற்றி மாட்டினேன். அப்புறம் ஊசி. கரண்ட் ஒயரைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. டிஸ்க்கின் முதுகில், இரண்டு கம்பி முனைகளைச் சேர்த்து மூடுகிற கடுகளவு ஜம்பர் ஒன்று இருக்கும். அது பழைய பெட்டிக்கு ஏற்றபடி செருகியிருந்தது; புதுப் பெட்டிக்குத் தப்பான இடம். அதைப் பிடுங்க எதுவும் கைக்கு அகப்படவில்லை. உங்கள் பனியனின் காலர் மடிப்பில் ஒரு ஊசி குத்தியிருந்தது, டெய்லர்கள் குத்தி வைப்பார்களே, அப்படி. அந்த ஊசியால் நெம்பி எடுத்து இடம் மாற்றினேன். பெட்டி முனகியது. வீரபாண்டி மாடியில் கேட்ட அதே முனகல்.

பதினாறு டிசைனும் இருந்தது. அவை யாருக்கு வேண்டும்? கடைசியில் பாப்பா என்று பெயர் போட்ட ஒரு ஃபைல்.

முதல் வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். வெயிலுக்கு ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு. உங்கள் மூக்கு, அக்கா. அப்படியே உங்கள் மூக்கு. பெரிதாக்கிக்கொண்டே கீழே வந்தேன். மெரூன் பனியன் போட்டிருக்கிறாள். மஞ்சள் ரிப் காலர். குட்டிப் பாக்கெட்டில் ஒரு கர்ச்சீப் எட்டிப் பார்க்கிறது.

மேசைமேல் கிடந்த பனியனை எடுத்து உள்பக்கம் திருப்பினேன். கை இருந்த இடங்கள் இரண்டையும் வேறு கலர் நூலால் மூடித் தைத்திருந்தீர்கள். நான் துண்டுத் துணி என்று நினைத்தது அவள் போட்டுக்கொண்ட பனியன். பிள்ளையின் படம் எந்தப் பெட்டிக்குள் போனதோ, அந்தப் பெட்டிக்கு அவள் சட்டையைப் போட்டுவிட்டிருக்கிறீர்கள். அதைத்தான் நான் உருவித் தரையில் எறிந்தேன்.

சூடு கொல்லவில்லை, அக்கா. உங்கள் பனியன் கொல்லவில்லை. ஃபியூஸ்தான் போயிருந்தது. இதைத் திறந்து பார்த்து உங்களிடம் சொல்ல எனக்கு இருபது வருஷத்துக்குமேல் நேரம் இருந்தது. நீங்கள் சாகும்வரை என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த நினைப்பைக் கொடுத்தவளும் நான்தான்.

இன்று காலையே படத்தைப் பெரிதாகப் பிரின்ட் எடுத்து உங்கள் தங்கையிடம் கொடுத்திருக்கிறேன். உங்கள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவதாகச் சொன்னார். ஊசி என் மேசை டிராயரில் இருக்கிறது. பனியனைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை; கேட்டால் கொடுத்துவிடுவேன். இங்கே ஆபீஸில் ஏதாவது ஓடாமல் நின்றால் உடனே ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுகிறார்கள். மொதல்ல நூலப் பாருங்க என்கிறேன். அடுத்து ஊசி என்கிறேன். மூன்றாவதாக டெய்லரைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.