செங்கமலத்தின் மாங்காய்ப் பூட்டு

வடக்குப்பட்டு,
புரட்டாசி 5, ஞாயிறு.

செங்கமலத்திற்கு,

உன் வீட்டுக்காரன் கன்னியப்பன் சொல்லச் சொல்ல, நம் மூன்றாம் ரூமில் குடியிருக்கும் சுடலை எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்பில் குறையில்லை. வயிற்றில்தான் குறை, அதைப் பின்னால் சொல்கிறேன். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? வாலாஜாபாத் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்ளாதே, காய்ச்சிக் குடிக்கிறாயா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான்கு தரம் போன் பண்ணினேன். உன் தம்பி சின்னப்பையன் எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான். நான் செங்கமலம் என்று வாயைத் திறந்தால், மாமா நல்லா கீறீங்களா, மழை பேஞ்சிச்சா என்று நான்கு பேர் பதில் சொல்கிறார்கள். ஒருவன் தன் பெண்டாட்டியிடம் பேசுவதற்கு ஊர்க்கூட்டம் எதற்கு? அதனால்தான் தபால் ஆபீசில் நீலக் காகிதம் வாங்கிவரச் சொன்னேன். இதில் ஸ்பீக்கர் கிடையாது. ஐந்தாவது வரை போனவள் நீ, எழுத்துக்கூட்டி நீயே படி. சுடலையைப் பற்றிக் கூச்சப்படாதே. நைட் ஷிப்ட் முடித்து வந்து பாதித் தூக்கத்தில் எழுதுகிறான். எழுதி முடிச்சதும் மறந்துருவேன் பெரியவரே என்று முருகன் மேல் சத்தியம் செய்திருக்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த விரல் பூட்டு என்னையும் உள்ளே விடவில்லை.

அன்று நடந்தது உனக்குத் தெரியும். தெரிந்தாலும் என் வாயால் ஒரு முறை வரட்டும். நம் பிள்ளை ஸ்ரீதர் புதுப் பூட்டை வாசல் கதவில் மாட்டினான். வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் வந்து விரலைப் பதியுங்கள் என்று பூட்டுக் கடைக்காரப் பையன் கூப்பிட்டான். மருமகள் கலைமதிக்கு முதல் தரத்திலேயே விழுந்தது. அவனுக்கும் விழுந்தது. எனக்கும் மூன்றாம் தரத்தில் எப்படியோ விழுந்துவிட்டது. நீ புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வைத்தாய். பத்து விரலையும் வைத்தாய். பூட்டுக்குள் இருக்கிற பொம்பளை ஒவ்வொரு தரமும் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். அப்போதுதான் என் வாய் சும்மா இருக்கமாட்டாமல், வூட்டுக்காரி யாருன்னு பூட்டுக்கே தெரியலியே என்றது. மூன்றாம் ரூம்காரர்கள் ஆறு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ உள்ளே போனாய். மறுநாள் காலையில் பையோடு வந்து நின்று, இன்னாயா, இன்னும் சிரிச்சி முடியலியா, இந்த வூட்டுக்கு நான் காவலா, அந்தப் பொட்டி காவலான்னு நீயே பாத்துக்கோ என்று சொல்லிவிட்டு, வாசலிலிருந்து கழற்றிப் போட்டிருந்த பழைய மாங்காய்ப் பூட்டைச் சாமான் ரூமுக்குப் போட்டாய். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய்.

நீ போன மறுநாள் பகல். கலைமதி வேலைக்குப் போய்விட்டாள். ஸ்ரீதர் நைட் முடித்துவிட்டு உள்ளே தூங்குகிறான், தட்டினாலும் எழமாட்டான். நான் துண்டும் பனியனுமாக வாசலில் ஆட்டை விரட்ட வந்தேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கட்டைவிரலை வைத்தேன். அந்தப் பொம்பளை பேசினாள். சுட்டுவிரலை வைத்தேன். அதே பேச்சு. துண்டில் துடைத்து வைத்தேன், எச்சில் தொட்டு வைத்தேன், இடது கையை வைத்தேன். ஐம்பது வருஷம் களையெடுத்த கையில் ரேகை எங்கே இருக்கும்? ரேஷன் கடையில் நம் இரண்டு பேருக்கும் விரல் விழாமல் கண்ணைக் காட்டச் சொன்னார்களே, அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். அடியே, பத்தரத்துல இந்த விரலதான்டி வச்சேன், கவருமெண்டே ஒத்துக்கிச்சி, உனுக்கு இன்னாடி என்று நான் கத்திக்கொண்டிருந்தபோது சுடலை வந்து, என்ன பெரியவரே, கதவுகூட என்ன சண்டை என்று கேட்டான். ஸ்ரீதர் எழுந்திருக்கும்வரை அவன் ரூமில்தான் படுத்திருந்தேன். நீ இருந்து பார்த்திருந்தால் உன் கோபம் அந்த இடத்திலேயே தீர்ந்திருக்கும்.

அன்றிலிருந்து தினமும் இதே கூத்துதான். நான்கு பேட்டரி வேறு தின்கிறது. தீரப்போகிறது என்றால் குருவி மாதிரி கத்துகிறது. நம் மாங்காய்ப் பூட்டு நாற்பத்தைந்து வருஷத்தில் ஒரு நாள் கத்தியிருக்குமா? வருஷத்துக்கு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான் அதற்குச் சாப்பாடு.

அதை வாங்கிய நாள் ஞாபகம் இருக்கிறதா? கல்யாணமாகி மூன்றாம் வருஷம், வைகாசி, காஞ்சிபுரம் கருடசேவை. திண்டுக்கல்காரன் ஒருவன் தெருவில் கோணி விரித்து உட்கார்ந்திருந்தான். வலது கையில் ஆறு விரல். இதன் சாவியைத் தவிர எதற்கும் திறக்காது என்றான். அப்படியா, பாத்துடலாம் என்று நீ கொண்டை ஊசியை உருவிக்கொண்டு அவன் முன்னால் உட்கார்ந்தாய். பச்சைப் புடவை, இரண்டு முழம் கதம்பம். மேளச்சத்தம் கிட்டே வந்தது, குடை தெரிந்தது, ஜனம் கோவிந்தா போட்டது. நீ தலையைத் தூக்கவில்லை. பெருமாள் நம்மைத் தாண்டிப் போய்விட்டார். தோத்துட்டேன், குடுய்யா என்று நீ சொன்னபோது தெருவே காலி. சாமியைப் பார்க்காமல் பூட்டை வாங்கிக்கொண்டு வந்த ஜோடி அன்றைக்கு நாம் மட்டும்தான்.

இப்போது அதே பூட்டு எங்களைச் சோதிக்கிறது. அரிசி, பருப்பு, புளி, மிளகாய் எல்லாம் உள்ளே. பொட்டலம் வாங்கிப் பொங்குகிறோம். அத்த கோச்சிகினு போனது உங்க மேல, பட்டினி எங்களுக்கா மாமா என்று கலைமதி தினம் கேட்கிறாள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பூட்டு ரிப்பேர்க்காரனைக் கூட்டிவந்தான் ஸ்ரீதர். அவன் கையில் தூக்கிப் பார்த்து, இது பழைய வேலை, கட்டரால் அறுத்தால்தான் உண்டு என்றான். அறுத்தால் உன் கையை அறுத்துவிடுவேன் என்று அனுப்பிவிட்டேன். உன் பூட்டு உன்னைத் தவிர யாருக்கும் திறக்காது. புதுப் பூட்டு என்னைத் தவிர எல்லோருக்கும் திறக்கிறது. நடுவில் நான் நிற்கிறேன்.

மூன்றாம் சனிக்கிழமை நம் வீட்டில் பெருமாளுக்குத் தளிகை போடவேண்டும். அதற்கென்று நீ எடுத்துவைத்த அரிசியும் உள்ளேதான் இருக்கிறது. ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. அதற்குள் வந்துவிடு.

கையெழுத்துக்குப் பதில் கீழே என் இடது கட்டைவிரல். சுடலையின் பேனா மையைத் தடவி வைத்திருக்கிறேன். பூட்டுக்கு அடையாளம் தெரியவில்லையாம். உனக்குத் தெரியும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
கன்னியப்பன்


வடக்குப்பட்டு,
புரட்டாசி 14, செவ்வாய்.

என் செங்கமலத்திற்கு,

இதைக் கொண்டுவருகிறவன் உன் தம்பி. அவனை மூன்று நாள் இங்கே பிடித்து வைத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. நன்றாகத்தான் கவனித்தோம். மூன்று வேளையும் மெஸ் சாப்பாடு. நம் வீட்டு அரிசி ஏன் இல்லை என்று படித்தால் தெரியும்.

சனிக்கிழமை காலை நான் வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். சின்னப்பையன் தெருக்கோடியில் வருவதைப் பார்த்ததும், அவன் பின்னால் நீ வருகிறாய் என்று நினைத்தேன். கலைமதியைக் கூப்பிட்டு, உன் அத்த வந்துடிச்சி, டீ போடு என்று சத்தம் போட்டுவிட்டேன். அவன் மட்டும்தான் வந்தான். மஞ்சள் துணியில் முடிந்து சாவியைக் கொடுத்தான். அக்கா குட்த்துட்டு வரச் சொல்லிச்சி மாமா, தளிகைக்கு அரிசி எடுத்துக்கச் சொல்லிச்சி, வேற ஒண்ணும் சொல்லல என்றான்.

கலைமதிக்குச் சந்தோஷம். குடுங்க மாமா, நான் தொறக்கறேன் என்று கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. சாவி சூடாக இருந்தது, அவன் சட்டைப் பையில் வந்த சூடு. ஆனால் நாற்பத்தைந்து வருஷமாக அது உன் இடுப்பை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. ஸ்ரீதர் பிறந்தபோது செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் வளையல், தோடு எல்லாவற்றையும் கழற்றி என்னிடம் கொடுத்தாய், இதைக் கொடுக்கவில்லை. நர்சம்மா திட்டியும் கொடுக்கவில்லை. அதை இப்போது அனுப்புகிறாய் என்றால் அரிசிக்காக அனுப்பவில்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுதான். இது தெரியும்.

ஸ்ரீதர் எழுந்து வந்து, இன்னாப்பா நீ, சாவி வந்துச்சி, தொறக்காம கையில வச்சிகினு நிக்கிற என்று கேட்டான். உன் அம்மா இனி வரலேன்னு சொல்லி அனுப்பிகீதுடா என்றேன். அவன் நம்பவில்லை. அம்மாவுக்காகத்தாம்பா அந்தப் பூட்டே வாங்கனேன், நைட்டு முடிச்சி காலைல ஏழரைக்கு நான் வர்றப்போ முட்டி வலியோட எழுந்து வந்து கதவு தொறக்குது, பாவமா கீது, தூங்கட்டும்னுதான் வாங்கனேன் என்றான்.

அவன் மேல் குற்றமில்லை, செங்கமலம். ஆனால் அவனுக்குத் தெரியாத ஒன்றை அன்றைக்குச் சொன்னேன். கம்பெனி பஸ் ஏழு மணிக்கு ஒரகடம் தாண்டும் என்று கணக்கு வைத்து, அதற்கு முன்பே நீ முகம் கழுவி, தலைவாரி, தோசைக்கல்லைக் காயவைத்துவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். அவன் தட்டியதும் இப்போதுதான் எழுந்தவள் மாதிரி கொட்டாவி விட்டுக்கொண்டு திறப்பாய். அவன் சாப்பிடுகிற கால்மணி நேரம்தான் ஒரு நாளில் நீ உன் பிள்ளையைப் பார்ப்பது. பூட்டு வந்த பிறகு அவனாகத் திறந்துகொண்டு வருகிறான், சாப்பிடாமல் படுக்கிறான். அந்தக் கால்மணி நேரத்தையும் அந்தப் பெட்டி தின்றுவிட்டது.

கேட்டுவிட்டு அவன் உள்ளே போனான். ஷிப்ட் சட்டையைக்கூட மாற்றவில்லை. டூல் பாக்ஸை எடுத்து வந்து கதவு முன்னால் உட்கார்ந்துவிட்டான். ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினான். பூட்டு கடைசி வரை கத்திக்கொண்டே இருந்தது. பேட்டரியைப் பிடுங்கியதும் அடங்கியது. கதவில் உள்ளங்கை அளவு ஓட்டை. அதை ஆசாரி பாபு வந்து மரம் வைத்து அடைத்து, பழைய கொண்டியும் நாதாங்கியும் அதே இடத்தில் அடித்துக் கொடுக்க மூன்று நாள் ஆயிற்று. அதற்குத்தான் உன் தம்பியை நிறுத்தி வைத்தேன். கண்ணால் பார்த்துவிட்டு வந்து அவனே உன்னிடம் சொல்லட்டும்.

விரல் பூட்டை மூன்றாம் ரூமுக்குக் கொடுத்துவிட்டான் ஸ்ரீதர். ஆறு பேர், மூன்று ஷிப்ட், ஒரே சாவி என்று அவர்கள் பட்ட பாடு உனக்கே தெரியும். அவர்களுக்கு அது நல்ல பூட்டுதான். விரல் பதிய எல்லோரும் வரிசையில் நின்றார்கள். சுடலை டயர் கம்பெனியில் ரப்பர் தேய்க்கிறவன் இல்லையா, ஏழு விரல் விழவில்லை. எட்டாவது விரல் விழுந்ததும் பையன்கள் அவனைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். இதை எழுதமாட்டேன் என்கிறான். எழுது என்று உட்காரவைத்திருக்கிறேன்.

அதே இடத்தில், அதே ஆறு பேர் முன்னால், இன்னொன்றும் செய்தேன். அன்னிக்கு நான் சொன்னது தப்பு, சிரிச்சதும் தப்பு, என் பெண்டாட்டிதான் இந்த வூட்டுக்காரி என்று சத்தமாகச் சொன்னேன். இவ்வளவு வயசுக்கு மேல் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. கலைமதி மட்டும், இத போன வாரமே சொல்லிருந்தா நமக்கு சோறாவது கெடச்சிருக்கும் மாமா என்றாள். அப்புறம் எல்லோருக்கும் பஜ்ஜி சுட்டுக் கொடுத்தாள்.

சாவியைத் திருப்பி அனுப்புகிறேன். துணியை அவிழ்க்கவில்லை, நீ முடிந்த முடிச்சு அப்படியே இருக்கிறது. சாமான் ரூமைத் திறக்கவில்லை, அரிசி ஒரு மணி எடுக்கவில்லை. சனிக்கிழமைக்கு நீ வந்து திறந்தால் தளிகை. இல்லையென்றால் இந்த வருஷம் பெருமாளும் எங்களோடு சேர்ந்து மெஸ்ஸில் சாப்பிடட்டும். காஞ்சிபுரத்தில் அவரைப் பார்க்காமல் விட்டதற்கே ஒன்றும் சொல்லாதவர், இதற்கும் சொல்லமாட்டார்.

வாசல் கதவுக்கு இப்போது பூட்டே கிடையாது. வேறு வாங்கிப் போடு என்கிறான் ஸ்ரீதர். வேண்டாம் என்றுவிட்டேன். யாராவது ஒருவர் வீட்டில் இருந்துகொள்கிறோம். முக்கால்வாசி நேரம் நான்தான். டீக்கடைக்குப் போய் நான்கு நாளாகிறது. பாபு வந்து நாட்டு நடப்பு சொல்லிவிட்டுப் போகிறான். முட்டிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். ஸ்ரீதர் இந்த வாரமும் நைட்தான்.

வெள்ளிக்கிழமை காலை வாலாஜாபாத்திலிருந்து ஏறினால் உச்சிவெயிலுக்கு முன்னால் ஒரகடத்தில் இறங்கிவிடலாம். கண்டக்டரிடம் பாலத்துக்கு முன்னாலேயே நிறுத்தச் சொல். நான் வருவேன். கலைமதி லீவு சொல்லியிருக்கிறாள். ஸ்ரீதர் தூங்காமல் வருவானாம், சுடலையும் வருவானாம். அப்போது வீட்டுக்கு யார் காவல் என்று கேட்காதே. கதவைத் திறந்துபோட்டுவிட்டுத்தான் வரப்போகிறோம். நீ பஸ்ஸில் இல்லையென்றால் அடுத்த பஸ்ஸுக்கும் நிற்போம், அதற்கடுத்ததற்கும் நிற்போம். வீடு அதுவரை திறந்தே கிடக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு, சீக்கிரமாகப் பஸ் ஏறு.

பெருமாள் உன் முட்டிக்குப் பலம் கொடுக்கட்டும்.

உன்,
கன்னியப்பன்