சத்தம் போடாத ரம்பம்

செவ்வாய், இரவு

எங்கள் தெரு நலச்சங்கம் இன்று வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவொன்றை எடுத்தது: மின்கம்பியில் உரசும் தூங்குமூஞ்சி மரத்தின் ஒரு கிளையை வெட்டுவது. நானும் கை தூக்கினேன்.

ஹைட்ராலிக் ரம்பத்தோடு தூக்குவண்டி வந்தது. ரம்பத்துக்குத் தனி எஞ்சின் இல்லை. வண்டியிலிருந்து குழாயில் வரும் எண்ணெய் அழுத்தத்தில் ஓடுகிறது. பெட்ரோல் ரம்பம்போல் அலறாது. அதனால் கீழே பேசுவது மேலே கேட்கும். அதுதான் வினை.

கிளை விழுந்ததும் செயலாளர், "வந்ததுதான் வந்தீங்க, என் கார் மேல இலை கொட்டுற கிளையையும் எடுத்துருங்க" என்றார். எதிர்வீட்டு அம்மாவுக்கு வடாம் காய வெயில் வேண்டும். இன்னொருவருக்கு வாஸ்து.

மரத்தடியில் இஸ்திரி போடும் பாவாயி, "ஏனுங்க சாமி, நெழலு போச்சுன்னா நான் எங்கீங்க நிப்பேன்?" என்றார்.

தூக்குவண்டிக் கூண்டில் ரம்பத்தோடு நின்ற சேந்தமங்கலத்துக்காரர் தயங்கினார். "ஒரு கிளைன்னுதானுங்க சொன்னாங்க."

"இத்தனை கிளையும் போயி மொட்டையா நின்னா அசிங்கமுங்க. அடியோட எடுத்துருங்க" என்றார் செயலாளர், மிகுந்த அழகுணர்ச்சியோடு. நான் கிளை விழாத தூரத்துக்குத் தள்ளி நின்றுகொண்டேன்.

நான்கு மணிக்கு மரம் இல்லை. பாவாயி இஸ்திரி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். என் சட்டைகள் இரண்டு அவரிடம் இருக்கின்றன.