வெயில் ஏறுமுன் ஆய்ந்த இலைகள்

இன்று பாடசாலை ஆய்வுகூடத்தில் அயடீன் போத்தலின் மூடியைத் திறந்ததும் நீ நினைவுக்கு வந்துவிட்டாய். இலையில் மாப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் அந்தப் பழைய பரிசோதனைதான். இலை கறுத்தது. முன்வரிசையில் இருந்த பிள்ளை, "கறுத்தால் நல்ல இலைதானே ரீச்சர்?" என்று கேட்டாள். பாடப்புத்தகத்தின்படி ஓம் என்றுதான் சொல்லவேண்டும்.

கொழும்பு வேலையை விட்டுவிட்டு வந்து புத்தூரில் அம்மாவின் காணியில் நீ தேசி மரம் வைத்தபோது ஊர் சிரித்தது. சுற்றிவர வெங்காயமும் வாழையும் செய்கிற செம்மண்ணில் உனக்கு மட்டும் எலுமிச்சை. மரங்கள் காய்க்கத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. பக்கத்துக் காணி அண்ணையும் உன்னைப் பார்த்துத் தேசி வைத்தார். எங்கள் வகுப்பில் தாவரவியலை வெறுத்தவள் நீ. பரீட்சைக்கு முதல்நாள் சீனி கொண்டுபோகும் உரியத்துக்கும் தண்ணீர் கொண்டுபோகும் காழுக்கும் வித்தியாசம் கேட்டவள். அந்தத் தோட்டத்துக்குள் உன்னோடு நடக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பேன்.

பிறகு ஒரு நாள் நீ போன் எடுத்தாய். "ஒரு மரத்திலை ஒரு கொப்பு மட்டும் மஞ்சளா நிக்குது. சத்துக் காணாதாக்கும் எண்டு உரம் போட்டுப் பாத்தன். இப்ப அடுத்த கொப்பும் தொடங்கீட்டுது."

நான் நாளைக்கு வாறன் என்றேன். வெயில் ஏறுமுன் அந்த மரத்திலும் எங்கேயாவது ஒரு நல்ல மரத்திலும் இலை ஆய்ந்து வைக்கச் சொன்னேன்.

வட்டுக்கோட்டையிலிருந்து பஸ் மாறி நான் வந்து சேர்ந்தபோது கிணற்றுக்கட்டில் இலைகளைப் பரப்பி வைத்திருந்தாய். சத்துக் குறைந்தால் இலையின் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி மஞ்சளாகும். உன் மரத்து இலையில் நடுநரம்புக்கு ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் திட்டுத் திட்டாக மஞ்சள். இது சத்துக் குறைவில்லை. பிளேட்டால் இலைகளைச் சுரண்டி அயடீன் விட்டேன். நீ உறவுக்காரர் வீட்டில் ஆய்ந்துவந்த நல்ல மரத்து இலை மங்கிய பழுப்பில் நின்றது. உன்னுடையது மை ஊற்றியதுபோல் கறுத்தது.

"கறுத்தால் அதிலை சாப்பாடு இருக்கெண்டுதானே?" என்றாய்.

"இருக்கு. போகேல்லை. அதுதான் பிரச்சினை."

சுகமான இலை பகலில் செய்து மாப்பொருளாகச் சேர்த்த சீனியை இரவிரவாக வேருக்கு அனுப்பிவிடும். விடியும்போது அதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. உரியத்தின் வாசலில் நிற்கும் புரதங்கள், உள்ளே வரும் ஐதரசன் அயனோடு ஒவ்வொரு சுக்குரோசு மூலக்கூறாக இழுத்தெடுக்கும் என்றும், சீனி சேரச் சேரத் தண்ணீரும் புகுந்து அந்த அழுத்தமே எல்லாவற்றையும் கீழே தள்ளும் என்றும் வகுப்பில் சொல்வதுபோலவே உனக்கும் சொன்னேன். உன் மரத்தில் அந்தக் குழாய்க்குள் ஒரு பற்றீரியா குடியேறியிருந்தது. சாறு உறிஞ்ச வந்த ஒரு சின்னப் பூச்சி கொண்டுவந்து விட்டது. மரம் அதைத் தடுக்கத் தன் குழாயின் துளைகளைத் தானே அடைத்துக்கொண்டிருந்தது. மேலே இலை சீனியில் வீங்க, கீழே வேர் பட்டினி கிடந்தது.

"வெளியிலை தெரிய முன்னம் எவ்வளவு காலம் உள்ளுக்கை இருந்திருக்கும்?"

"மாசக்கணக்கா. சிலவேளை வருஷக்கணக்கா. வேர் போகத் தொடங்கின பிறகுதான் அனேகமா இலை காட்டும்."

"அப்ப உந்த நல்லா நிக்கிற மரங்கள்?"

"நல்லா நிக்குதெண்டு சொல்லேலாது."

நீ தலையாட்டினாய்.

வெளியூர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பிய இலைகளும் அதையே சொல்லின. மருந்து இல்லை. எல்லாவற்றையும் வெட்டினால்தான் பக்கத்துக் காணி தப்பலாம். பூச்சி அங்கே பறந்துவிடாமல் முதலில் பூச்சிக்கொல்லி அடித்தாய். வாள்காரர் வந்த காலையில் அந்த அண்ணை வேலிக்கரையில் வந்து நின்றார்.

"தங்கச்சி, பூவோடை நிக்கிற மரத்தை ஆரும் வெட்டுவினமோ? ஒரு போகம் பொறுத்துப் பாரன்."

"பொறுத்தால் உங்கடை மரத்துக்கு வந்திடும் அண்ணை."

"வந்தால் பாப்பம்" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீ வாள்காரருக்குக் கையைக் காட்டினாய்.

மத்தியானமளவில் முதல் மரத்தின் அடிவேரைத் தோண்டி எடுத்தார்கள். சல்லிவேர் என்று ஒன்றுமே இல்லை. மிஞ்சியிருந்த சில வேர்களின் தோல் உன் விரலோடு கழன்று வந்தது. பக்கத்தில் கிடந்த கொப்பில் தேனீக்கள் இன்னும் பூவை மொய்த்துக்கொண்டிருந்தன. நீ கையைத் துடைத்துவிட்டு, சாப்பாட்டுக்கு என்ன செய்வோம் என்று கேட்கிற குரலில் சொன்னாய்: "எனக்கும் உள்ளுக்கை இருக்குதடி. ஈரலிலை. கனகாலமா இருந்திருக்குமெண்டு டொக்டர் சொல்லுறார்."

"எப்ப தெரியும்?"

"நீ அயடீன் கொண்டு வர முன்னமே."

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் நீ பாவம் பாத்துத்தான் பதில் சொல்லியிருப்பாய். எனக்குச் சரியான பதில் வேண்டியிருந்தது."

மாரி தொடங்குவதற்கு முன் நீ போய்விட்டாய். உன் காணியில் இப்போது வெங்காயம். அந்த அண்ணை செத்தவீட்டில் என் பக்கத்தில் வந்து நின்று, "அந்தப் பிள்ளை எனக்காகத்தான் வெட்டினது" என்றார். அதன் பிறகு மாதம் ஒருமுறை விடியற்காலையில் அவருடைய மரங்களைப் பார்க்கப் போகிறேன். போன மாதம் வரைக்கும் குறை ஒன்றும் காணவில்லை.

போன கிழமை உன் வேலிப்பக்கமாக நிற்கும் அவருடைய மரத்தில் ஒரு கொப்பு மஞ்சளாக நின்றது. நான் இலையைத் திருப்பிப் பார்ப்பதை அண்ணை பார்த்துக்கொண்டே நின்றார். எனக்குத் தெரிந்துவிட்டது. ஆய்வுகூட முடிவு வரட்டும் என்று அவருக்குச் சொல்லியிருக்கலாம்.

"ரீச்சர், இது ஒண்டை மட்டும் வெட்டினால் காணுமோ?" என்று கேட்டார்.

வாய் வரைக்கும் ஓம் வந்தது. நீ சரியான பதில் வேண்டுமென்றது நினைவுக்கு வந்தது.

"காணாது அண்ணை. மற்றதுகளுக்குள்ளையும் இப்ப இருக்கும். இன்னும் காட்டேல்லை."

அவர் திரும்பித் தன் தோட்டத்தைப் பார்த்தார். எல்லா மரமும் பூத்திருந்தது.