கூட்டிப் பெருக்கிய நேரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அரிசோனாவில் நான் நலமே. வேலையிடத்தில் ஒரு சின்ன வருத்தம், அவ்வளவுதான்.

எங்கள் தொழிற்பள்ளியில் வெல்டிங் படிக்கும் ரமோனா, கடன் பிரிவில் இருக்கும் என்னிடம் கல்விக் கடன் கேட்டு வந்தாள். வகுப்பு மணிநேரங்களை முப்பதால் வகுத்துக் கிரெடிட் என்னும் பாட அலகாக மாற்றுவோம். பருவத்துக்கு ஆறு வந்தால்தான் கடன். அவளுக்கு ஐந்தே முக்கால்தான் வந்தது. ஆறென்று முழுமையாக்க விதியில் இடமில்லை.

“தினமும் வகுப்பு முடிஞ்சு பட்டறையக் கூட்டிப் பெருக்குறேனே மேடம், அது நேரமில்லையா?”

“அது பாடம் இல்லம்மா. சேர்க்க முடியாது.”

“அப்ப உங்க கணக்குல நான் முக்கால் ஆளுதான்!” என்று சிரித்தாள்.

கடனில்லாமல் அவளால் படிக்க முடியாது. பள்ளியின் இரவல் கையுறைகளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஜனவரியில் இன்னொரு பாடமும் சேர்த்துக்கொண்டு திரும்புவாளாம். அப்படிச் சொன்னவர்கள் திரும்பி வந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

உங்கள் ஆப்பிள் ஜாம் ஒரு பாட்டில் அனுப்புங்கள்; கடை ஜாம் ருசிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு இம்முறையும் வர முடியாது, மன்னியுங்கள். வெளியே மாணவர்கள் காத்திருக்கிறார்கள், முடிக்கிறேன்.

அப்பாவின் வெல்டிங் கையுறைகள் கராஜில்தானே இருக்கின்றன? அவற்றையும் அனுப்புங்கள். ஜனவரிக்குள் வந்துசேர வேண்டும்.

உங்கள் மகள்,
கோரின்