தாராஸ் தொட்ட சிரித்த முகம்

அன்புள்ள ஒக்சானாவுக்கு, சஸ்கட்டூனிலிருந்து அம்மா. நானும் அப்பாவும் நலம், உன் தம்பி தாராஸும் இன்று காலையிலிருந்து நலம் என்று சொல்லலாம், ஹாலிஃபாக்ஸ் குளிரில் நீயும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு உட்கார்ந்து எழுத மனம் நிலைகொள்ளவில்லை, நான் சொல்லச் சொல்ல உன் தங்கை மார்ட்டா எழுதுகிறாள், வாக்கியத்தை முடிம்மா என்று நடுவில் என்னையே திருத்துகிறாள்.

பயப்படாதே, ஆபத்து தாண்டிவிட்டது. செவ்வாய்க்கிழமை தாராஸ் நான் செய்த பெரோகிக் கொழுக்கட்டையைத் தொடவில்லை, அவன் பெரோகி வேண்டாம் என்றால் வீடே பதறுமே, உடனே கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். வலியைக் காட்டும் முகங்களின் படத்தை நர்ஸ் நீட்டி, இதுல நீ எதுப்பா என்று கேட்டாள், ஒரு ஓரத்தில் சிரிக்கும் முகம், மறு ஓரத்தில் அழும் முகம். அவன் சுவர்க் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டுச் சிரிக்கும் முகத்தைத் தொட்டான். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாலையில் சுருண்டு விழுந்தான், குடல்வால் வெடித்திருந்தது! அறுவை முடிந்து கண் விழித்ததும், ஏண்டா பொய் சொன்னே என்று அப்பா கேட்டார். நான் பொய் சொல்லல, என் முகம் அழல, அதான் அழாத முகத்தைக் காட்டினேன், வயித்தைப் பத்தி யாரும் கேக்கலியே என்றான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆட்டிசம் உள்ள பிள்ளை, உணர்ச்சிகள் புரிய வேண்டும் என்று முகம் வரைந்த அட்டைகளை வைத்து எல்லாரும் சொல்லிக்கொடுத்தோமே, ஒன்றுகூடத் தப்பாமல் சொல்வான், நீயும் கைதட்டுவாய். அந்த முகங்களுக்கும் தனக்குள்ளே நடப்பதற்கும் சம்பந்தம் உண்டு என்று இந்தப் பதினான்கு வயதுவரை அவனுக்கு யாருமே சொல்லவில்லை! சரி, வயிறு எப்படிடா இருந்துச்சு என்றேன். பழைய ஃபிரிட்ஜ் உறுமுற மாதிரி, நிக்கவே மாட்டேன்னுச்சு என்றான்.

இன்னும் கேள். இன்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் சிரித்துக்கொண்டேதான் அவனுக்கு ஜெல்லி ஊட்டினேன். அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, ஸ்பூனைப் பார்த்தான். நீ பயந்திருக்கேம்மா, ஸ்பூன் ஆடுது, அக்காவை ஏர்போர்ட்ல விட்டுட்டு வந்தப்போ கார் சாவியும் இப்படித்தான் ஆடுச்சு என்றான். உன்னைச் சிரித்துத்தானே வழியனுப்பினேன், யாருக்கும் தெரியாது என்றிருந்தேன்!

கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் ஃபோன் செய். எப்படி இருக்கே என்று அவனிடம் கேட்காதே, உடம்பில் எங்கே என்ன நடக்கிறது என்று கேள், பொறுமையாகக் காத்திரு, சொல்வான். உன்னிடமும் அதையே கேட்பான், நல்லா இருக்கேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதே.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
தாரியா