சுரங்க வாசல் டீக்கடை

கண்ணு,

ஊட்டியில உன் ஊடு வசதிதான், இல்லைங்கல. ஆனா நான் வந்துட்டா இந்தக் கடையை யாரு பார்க்கறது?

கம்பெனி மூடிட்டுப் போன தங்கச் சுரங்கத்தைப் பார்க்க இப்ப ஜீப்ல ஆளுக வர்றாங்க. உள்ள விடறதில்ல. வாசல்ல நின்னு கத்தி, எதிரொலி கேட்டுச் சிரிக்கறாங்க.

உங்கப்பாவை மண்ணு மூடினது இதுக்குள்ளதான்னு கைடுக்கு யாரோ சொல்லிட்டாங்க. "அவரு பேரைச் சொல்லுங்கம்மா, எல்லாரையும் கூப்பிடச் சொல்றேன்"ங்கறான். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான். கட்டினவ நானே வாயால சொல்லாத பேரு அது.

சாயந்திரம் ஜீப்பெல்லாம் மலை எறங்கிப் போனப்புறம் நானும் வாசல்ல நின்னு, "ஏனுங்க"ன்னு ஒருக்கா கூப்பிடுவேன்.

உள்ளயிருந்து, "ஏனுங்க"ன்னு வரும்.

கூப்பிடற மனுசனை விட்டுப்போட்டு எப்படிக் கண்ணு வர்றது?

அம்மா